ஒரகடம் சக்கரக் கடையில் ஒரு பழைய வேன்

சக்கரக் கடை வேலையில் ஒரு சங்கடம் இருக்கிறது: நாம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறோமோ, அவ்வளவு காலத்துக்கு அந்த ஆள் திரும்பக் கடைப்பக்கம் வரமாட்டார். மற்ற வியாபாரங்களில் நல்ல வாடிக்கையாளர் என்றால் அடிக்கடி வருகிறவர். எங்களுக்கோ, சிரித்துக்கொண்டே கிளம்பிப்போய் வருஷக்கணக்கில் முகம் காட்டாதவர்தான் நல்ல வாடிக்கையாளர். யாரையாவது வண்டி ஏற்றி அனுப்பிவிட்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கு இருந்தால் மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

என் பெயர் முத்துமாரி. சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் காசிம் பாய் கடையில் வேலை பார்க்கிறேன். பஞ்சர், டயர், அலைன்மென்ட் எல்லாம் உண்டு என்றாலும், பழைய வண்டிக்காரர்கள் எங்களைத் தேடி வருவது வீல் போல்ட்டுக்காக. சக்கரத்தை ஹப்போடு சேர்த்துப் பிடித்திருக்கிற போல்ட்டையும் அதன்மேல் ஏறுகிற நட்டையும் சொல்கிறேன். பழைய வண்டிகளில் அவை துருப்பிடித்து, நட்டு ஏறுகிற திருகுவரியான மரை தேய்ந்து, சில சமயம் இழுபட்டு நீண்டும் போயிருக்கும். அவற்றைத் தட்டி எடுத்துவிட்டு, இன்னும் கனமான, பலமான போல்ட்டாகப் போட்டு அனுப்புவோம். அனுப்புவதுதான் வேலை. வரவேற்பது இல்லை.

நாலும் ஒரே அமுக்கில்

இங்கே வருவதற்கு முன் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கார் கம்பெனி லைனில் இருந்தேன். சக்கரம் மாட்டுகிற இடம் என்னுடையது. மேலேயிருந்து தொங்குகிற மெஷினை இழுத்துச் சக்கரத்தில் வைத்து ஓர் அமுக்கு. நாலு நட்டும் ஒன்றாக இறுகும், பச்சை விளக்கு எரியும், கார் நகர்ந்துவிடும். உடனே அடுத்த கார். அது யார் வீட்டுக்குப் போகிறது, அதில் யார் உட்காரப் போகிறார்கள், ஒன்றும் தெரியாது. கேண்டீனில் தோழிகள் சினிமா பேசிக்கொண்டிருப்பார்கள். நான் காலையில் அனுப்பின சிவப்புக் கார் எந்த ஊருக்குப் போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் கான்ட்ராக்ட் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. தம்பிக்கும் தங்கைக்கும் கல்யாணம் முடித்துக் கொடுத்ததில் எனக்கு முப்பது தாண்டியிருந்தது. ஊருக்குத் திரும்பினால் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். அதனால் குன்றத்தூரில் தோழி எடுத்திருந்த அறையிலேயே தங்கி வேலை தேடினேன். காசிம் பாய் கடை வாசலில் ஆள் தேவை என்று அட்டை தொங்கியது. போய் நின்றேன். பில் போடவா என்று கேட்டார் பாய். இல்லை, நட்டு இறுக்க என்றேன். லைனில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று விசாரித்துவிட்டுச் சொன்னார்:

"அங்க நாலையும் ஒரே அமுக்குல முடிச்சிட்டியா? இங்க ஒவ்வொண்ணா கையாலதான் முடுக்கணும். ஆனா ஒண்ணு, யாரு வண்டின்னு தெரியும்."

இடது மரை

பழைய ஜீப்புகள் சிலவற்றில் இடதுபக்கச் சக்கரங்களுக்கு மரையை எதிர்ப்பக்கமாக வெட்டியிருப்பார்கள். உலகத்தில் உள்ள நட்டெல்லாம் எந்தப் பக்கம் திருப்பினால் கழலுமோ, அந்தப் பக்கம் திருப்பினால் இது இறுகும். தெரியாதவர்கள் ஸ்பானர்மேல் ஏறி நின்று மிதித்து போல்ட்டையே முறித்துவிட்டு வருவார்கள். வல்லக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் அப்படி இரண்டை முறித்துக்கொண்டு வந்தார். கூடவே அவர் மனைவி. இடதுபக்கம் முழுவதும் போல்ட்டை எடுத்துவிட்டுச் சாதாரண மரைக்கு மாற்றிவிடலாம் என்று பேசி முடிவானது.

அவர் லேத் பட்டறைக்குப் போயிருந்த நேரத்தில் அந்த அம்மா என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் போல்ட்டைத் தட்டி எடுப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் நல்ல பலமானதா, மலை ஏறுமா என்று கேட்டார். தாராளமாக ஏறும் என்றேன். எந்த மலைக்கும்மா என்று கேட்டேன். கணவர் வருகிறாரா என்று ஒருதடவை ரோட்டைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"கல்யாணம் ஆனதுலேர்ந்து ஏற்காடு கூட்டிகினு போறேன்றாரு. எப்ப கேட்டாலும் வண்டி சரியில்லன்றாரு. வண்டிய சரி பண்ணிட்டா அப்பால வேற இன்னா சொல்வாருன்னு பாக்கலாம்னுதான் நானே இஸ்துகினு வந்தேன்."

ஒன்று போதும் என்றார்

ஏகாம்பரத்தின் வேன் முதலில் வந்தது ஒரு மழைநாள் காலையில். கம்பெனி ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற பழைய வேன். உட்கார்ந்து போகிறவர்களுக்குச் சமமாக நின்றுகொண்டும் போவார்கள். பின்சக்கரத்தில் ஆறு போல்ட்டில் ஒன்று முறிந்து விழுந்திருந்தது. அந்த ஒன்றை மட்டும் போட்டுக் கொடுத்தால் போதும் என்றார். ஸ்ரீபெரும்புதூர்க்காரர், நாற்பதை நெருங்குகிற வயது. எதைச் சொல்வதற்கு முன்னாலும் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

சக்கரத்தைக் கழட்டிப் பார்த்தேன். மீதி ஐந்தும் சோர்ந்துபோயிருந்தன. இரண்டில் மரை இழுபட்டிருந்தது. ரிம்மில் துளைகள் கோணிப்போக ஆரம்பித்திருந்தன. "அண்ணே, ஒண்ணு ஒடஞ்சதும் அதோட சுமையையும் இந்த அஞ்சும்தான் தூக்கியிருக்கு. இப்பப் புதுசு ஒண்ணு போட்டா அதுவும் சீக்கிரம் போயிரும்" என்றேன். இதே வேனின் பிந்தின மாடலுக்கு வந்த தடித்த போல்ட் இருக்கிறது. ஹப்பின் துளையை லேத்தில் கொஞ்சம் பெரிதாக்கி அதை அடித்து இறக்கிவிடலாம். ரிம்மையும் நட்டையும் அதற்குத் தோதாக மாற்றவேண்டும். நாலு சக்கரத்துக்கும் செய்தால்தான் நிம்மதி. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த ஐந்து போல்ட்டையும் ஒவ்வொன்றாக விரலால் தடவினார். வண்டியை விட்டுவிட்டுப் போனால் அன்றைய ஷிப்டு ஆட்களுக்கு வேறு வண்டி தேடவேண்டும். இருந்தும் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்:

"ஒண்ணு பூட்டா மத்ததுங்க சும்மா நின்னுகினு கீதுன்னு நெனச்சேன்மா. அதோட பாரத்தையும் சேத்து தூக்கிகினு கீதுன்னு இப்பதான் தெரியுது."

ஐம்பது கிலோமீட்டர்

புது போல்ட் போட்டால், வண்டி கொஞ்ச தூரம் ஓடினதும் எல்லாம் அதனதன் இடத்தில் அமரும். நட்டு சற்றே தளரும். அதனால் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஒருதடவை வந்து இறுக்கிக்கொண்டு போகச் சொல்வோம். அநேகமாக யாரும் வருவதில்லை. ஏகாம்பரம் மறுநாளே வந்தார். ரெஞ்ச் வைத்தேன், ஒவ்வொரு நட்டும் சிறிது நகர்ந்து நின்றது. இனிமேல் கவலை இல்லை என்று சொல்லி அனுப்பினேன். சனிக்கிழமை மறுபடி வந்தார். எதற்கும் ஒருதடவை பார்த்துவிடு என்றார். ரெஞ்ச் வைத்ததுமே, இறுக்கம் போதும் என்பதற்கு அது போடுகிற டக் என்ற சத்தம் கேட்டது. எதுவும் தளரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்ததும்.

ஆட்களைக் கம்பெனியில் இறக்கிவிட்டு வந்து ஸ்டூலில் உட்காருவார். நான் எல்லாச் சக்கரத்திலும் எல்லா நட்டிலும் ரெஞ்ச் வைத்து, டக் என்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல் செய்வேன். பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. மழை, ரோடு, எந்தக் கம்பெனியில் ஓ.டி. அதிகம், இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலமே நான் நல்ல சட்டையைத் துவைத்துக் காயப்போடுவதை அறைத்தோழி கண்டுபிடித்துக் கேட்டபோது அவள்மேல் கோபப்பட்டேன். உங்களில் சிலருக்கு அந்தக் கோபம் எப்படிப்பட்டது என்று தெரிந்திருக்கும்.

பாய் ரொம்ப நாள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை, வேன் போன பிறகு, டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"அந்த நட்டுங்க இறுகி எத்தினியோ நாளாச்சு. ஒனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அடுத்த வாரத்துலேர்ந்து டீ சொல்றப்போ மூணா சொல்லிடு."

பைய

எங்கள் ஊரில் மெதுவாக என்பதற்குப் பைய என்போம். அது வாயில் அப்படியே ஊறிப்போனது. ஒருநாள் ஏகாம்பரம் கிளம்பும்போது "பைய போங்க" என்றேன். வேன் நின்றது. இறங்கி வந்தார். ஸ்டூலின் கீழே குனிந்து பார்த்தார். என்ன தேடுகிறீர்கள் என்றால், "பைன்னு சொன்னியே, நான் எந்தப் பையும் எடுத்தாரலியே" என்கிறார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு வந்து, அதை அடக்கிக்கொண்டு, காது சிவக்க வண்டியில் ஏறினார்.

கொஞ்ச நாள் கழித்து, அவர் வேனில் வேலைக்குப் போகிற ஒரு பெண் தன் ஸ்கூட்டருக்குக் காற்றடிக்க வந்தாள். திண்டுக்கல் பக்கத்துப் பெண். நானும் தெற்கத்திக்காரி என்று தெரிந்ததும் பேச ஆரம்பித்துவிட்டாள். பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்:

"அக்கா, எங்க வேன் டிரைவரண்ணன் ஸ்பீடு பிரேக்கர் வந்தாலே 'பைய, பைய'ன்னு அவருக்கு அவரே சொல்லிக்கிறாரு. சுத்தமான மெட்ராஸ் பாஷைக்காரரு. யாருகிட்டக்கா கத்துக்கிட்டிருப்பாரு?"

கூப்பிடுவதற்கு ஒரு வார்த்தை

கடைக்கு வருகிற ஆண்கள் எல்லோரும் எனக்கு அண்ணன். என்னைவிட இளையவராக இருந்தாலும் அண்ணன்தான். பெண் வேலை செய்கிற கடையில் அந்த வார்த்தையை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதித் தொந்தரவு இல்லை. ஏகாம்பரத்தையும் அப்படித்தான் கூப்பிட்டு வந்தேன். எந்த வாரத்திலிருந்து அதை விட்டேன் என்று எனக்கே தெரியாது. மற்ற டிரைவர்களெல்லாம் சொல்கிற 'தங்கச்சி'யை அவரும் ஒருநாளும் சொன்னதில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

அது வெளியே தெரிந்தது இப்படி. வேலை முடிந்து அவர் வண்டியை எடுத்துவிட்டார். பார்த்தால் என் வீல் ஸ்பானர் அவருடைய பின்பம்பர்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஓடினேன். கூப்பிடவேண்டும். அண்ணே என்பது வாயில் வரவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் முடியவில்லை. "ஏங்க" என்று கத்திவிட்டேன். கத்தின பிறகுதான் அது எங்கள் வீடுகளில் யார் யாரைக் கூப்பிடுகிற வார்த்தை என்று நினைவு வந்தது. கடைக்குள் பாய் தலையை இன்னும் குனிந்துகொண்டு வேலை செய்தார். வேன் நின்றது. ஸ்பானரை எடுத்துக்கொண்டு நான் திரும்பி நடக்கப் பார்க்க, ஏகாம்பரம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்:

"வேற யாரையோ கூப்புட்றன்னு நெனச்சேன். என்னத்தானா?"

குன்றத்தூர் மலையடியில்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏகாம்பரம் வேலைக்கு ஏற்றிப் போகிற ஹாஸ்டல் பெண்கள் குன்றத்தூர் முருகன் கோயிலுக்கு அவருடைய வேனை எடுத்துக்கொண்டு வந்தார்கள். திண்டுக்கல் பெண் போன் செய்து என்னையும் வரச்சொன்னாள். எல்லோரும் படியேறினார்கள். நான் சக்கரம் பார்க்கவேண்டும் என்று கீழேயே நின்றேன். என் கையில் ஒரு ஸ்பானர்கூட இல்லை. அதை அவர் பார்த்தார். வேன் படியில் ஒதுங்கி, "குந்து" என்றார். உட்கார்ந்தேன்.

அன்றைக்குத்தான் அவர் தன்னைப்பற்றிச் சொன்னார். கல்யாணம் ஆகி இரண்டு வருஷம் சேர்ந்து இருந்தார்களாம். சண்டை என்று பெரிதாக இல்லை. ஒத்துப்போகவும் இல்லை. கோர்ட்டில் இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிந்துவிட்டார்கள். அந்தப் பெண் மறுபடி கல்யாணம் செய்துகொண்டு வேலூரில் நன்றாக இருக்கிறாள், கேள்விப்பட்டேன், சந்தோஷம்தான் என்றார். நான் தம்பி தங்கை கதையைச் சொன்னேன். ஒவ்வொருவர் கல்யாணமாக முடித்துவிட்டு வீட்டுக்குள் வந்து பாத்திரம் கழுவின நாட்களைச் சொன்னேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பெண்கள் திருநீறு பூசிக்கொண்டு இறங்கி வருகிற சத்தம் கேட்டது. அவர் எழுந்து சாவியை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"ஷிப்டு வுட்டா ஒவ்வொரு ஸ்டாப்பா எல்லாரும் எறங்கிப் பூடுவாங்க. கடைசி ஸ்டாப்புலேர்ந்து வூடு வரைக்கும் நான் மட்டும்தான். கொஞ்ச தூரம்தான். அதான் ரொம்ப லென்த்தா கீது."

கேட்டோடு சரி

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். சனிக்கிழமை இல்லாமல் வேறு நாளில் வந்ததும் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். பழைய வண்டிகளை இனிமேல் கேட்டுக்குள் விடுவதில்லை என்று கம்பெனியில் முடிவு செய்துவிட்டார்கள். ஷிப்டு ஆட்களை ஏற்றுகிற வேலை ஒரு பெரிய பஸ்காரருக்குப் போய்விட்டது. வேனை வாலாஜாபாத்தில் ஒரு காய்கறி வியாபாரிக்குப் பேசி முடித்திருந்தார். அவருக்கு இருங்காட்டுக்கோட்டையில் வேலை கிடைத்திருந்தது. புதுக் கார்களை அடுக்கி ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற நீளமான ட்ரெய்லர் ஓட்டவேண்டும். ஒருதடவை போனால் திரும்பி வர மாதம் ஒன்றுகூட ஆகலாம்.

கடைசியாக ஒருதடவை எல்லா நட்டிலும் ரெஞ்ச் வைத்தேன். எப்போதும்போல டக், டக் என்றது. ஒரு நட்டில் இரண்டு தடவை வைத்தேன், அது முடிந்துவிடக் கூடாது என்று. கிளம்பும்போது போன் நம்பர் கேட்டார். கடை நம்பர் அவரிடம் இருக்கிறது. கேட்டது என் நம்பர். சொன்னேன். தொண்டையைச் செருமினார். வேறு ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். சொன்னது இதுதான்:

"வண்டிக்கு வயசாயிட்ச்சாம். சக்கரம் மட்டும் புத்தம் புதுசுன்னு சொன்னேன். கேட்ல இருந்த செக்யூரிட்டி சிரிச்சிட்டாரு."

அதே சத்தம், வேறு ஆள்

ஒரு வண்டியின் சத்தம் பழகிவிட்டால் அது ரோட்டில் திரும்பும் முன்பே காதுக்குத் தெரியும். அவர் வடக்கே போய்க் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. நான் ஒரு காரின் அடியில் படுத்திருந்தேன். அந்த வேனின் சத்தம் கேட்டது. கியர் குறைக்கும்போது ஒரு இருமல் இருமும், அதே இருமல். எப்படி வெளியே வந்தேன், எப்போது கையைத் துடைத்தேன் என்று தெரியாது. வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வேன் கடைமுன் வந்து நின்றது. முருங்கைக்காய்க் கட்டும் வெங்காய மூட்டையும் தெரிந்தன. கதவைத் திறந்து வேறு ஒருவர் இறங்கினார். வாலாஜாபாத் வியாபாரி.

அவர்மேல் எனக்கு ஒரு கோபம் வந்தது பாருங்கள், அந்த மனுஷன் எனக்கு என்ன செய்தார்? சக்கரத்தில் ஒரு குறையும் இல்லை. ரெஞ்ச் வைத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறதே, எதற்காக இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டேன். வியாபாரிக்கே அது புரியவில்லை போலிருக்கிறது:

"முன்ன வெச்சிருந்தவரு நாலு நாளைக்கு ஒருவாட்டி போன் பண்றாருமா. ஒரகடத்துல ஒரு பொண்ணு கீது, சக்கரத்த அதுகிட்டதான் காட்டணும், வேற யாரையும் தொட வுடாதன்றாரு. நான் வண்டி வாங்கினனா இன்னான்னே தெர்ல."

நீங்க யாரு

எனக்கும் போன் வந்துகொண்டுதான் இருந்தது. நாக்பூர் தாண்டிவிட்டேன், இங்கே வெயில், இங்கே ரொட்டிதான் கிடைக்கிறது, சோறு கிடைக்கவில்லை, இப்படி. தான் ஏற்றிப்போகிற கார்களின் சக்கரத்தைப் பார்க்கும்போது என் ஞாபகம் வருவதாக ஒருதடவை சொல்லிவிட்டு, உடனே டவர் இல்லை என்று வைத்துவிட்டார். டவர் இருந்தது. எனக்குத் தெரியும்.

மழைக்காலத்தில் அவர் அஸ்ஸாம் பக்கம் போயிருந்தார். போன் வருவது நின்றது. நான் கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றே சொன்னது. அந்தப் பக்கம் மண் சரிந்து ரோடு அடைபட்டிருக்கிறது என்று டிவியில் காட்டினார்கள். ஒருநாள் போனது, இன்னொரு நாள் போனது. சாப்பாடு இறங்கவில்லை. ஒரு சின்னக் காருக்கு நட்டைக் குறுக்காக ஏற்றி மரையைக் கெடுத்தேன். கடையில் நான் அப்படிச் செய்தது அதுதான் முதல்தடவை. பாய் என் கையிலிருந்து ஸ்பானரை வாங்கி வைத்துவிட்டு, ட்ரெய்லர் ஆபீஸ் நம்பரைத் தேடிப்பிடித்துக் கொடுத்தார். கூப்பிட்டேன். ஏகாம்பரம் என்கிற டிரைவர் எங்கே இருக்கிறார், நன்றாக இருக்கிறாரா என்று கேட்டேன். அந்தப் பக்கம் பேசின பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். அவள்மேல் தப்பு ஒன்றும் இல்லை:

"வீட்டு ஆளுங்களுக்கு மட்டும்தான் மேடம் சொல்லுவோம். நீங்க அவருக்கு யாருங்க?"

ட்ரெய்லர் யார்டில்

போனை வைத்துவிட்டேன். அதற்கு மறுநாள் அவரே கூப்பிட்டார், யாருடைய போனிலிருந்தோ. ரோடு அடைத்ததில் வண்டியோடு மாட்டிக்கொண்டிருந்தார். போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. ஆள் நலம். அதைக் கேட்டதும் வந்த அழுகையைக் கேட்காதீர்கள். ஊருக்கு எப்போது வருவீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

வந்த அன்றைக்குப் பாயிடம் அரைநாள் சொல்லிவிட்டு இருங்காட்டுக்கோட்டை யார்டுக்குப் போனேன். வரிசையாக நின்ற ட்ரெய்லர்களுக்கு நடுவில் அவர் இறங்கி வந்தார். மெலிந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். வழியெல்லாம் நான் யோசித்துவைத்திருந்தது வேறு. "ஒங்க ஆபீசுக்குப் போன் பண்ணேன். நீங்க அவருக்கு யாருன்னு கேட்டாங்க. என்ன சொல்லன்னு தெரியாம வச்சுட்டேன்" என்றேன். சுற்றிலும் டிரைவர்கள் குளித்துக்கொண்டும் துணி துவைத்துக்கொண்டும் இருந்தார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை. தொண்டையைக்கூடச் செருமவில்லை:

"இன்னொருவாட்டி கேட்டா வூட்டுக்காரின்னு சொல்லு. ஒனக்கு இஷ்டம்னா."

ரிஜிஸ்டர் ஆபீஸ்

இஷ்டம் என்று சொல்ல எனக்கு நேரம் ஆகவில்லை. மற்றதற்கெல்லாம் ஆனது. இரண்டு வீட்டிலும் முதலில் கேட்டது என்ன சாதி என்பதைத்தான். இரண்டாவது கேட்டது, அவர் ஏற்கெனவே கல்யாணம் ஆனவராமே என்பது. தம்பி போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். நான் படிக்கவைத்த தம்பி. அது வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். இன்றுவரை அவன் நம்பரை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். ஆறு மாதம் அம்மாவோடு பேசிப் பேசிப் பார்த்துவிட்டு, கடைசியில் நாளைக் குறித்துச் சொல்லிவிட்டேன். வருவாள் என்று நினைக்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பாயும் அறைத்தோழியும் மாலையோடு நின்றார்கள். ஆட்டோவிலிருந்து அம்மா தனியாக இறங்கினாள். அருப்புக்கோட்டையிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறாள். கையில் ஒரு தூக்குவாளி, அதில் எனக்குப் பிடித்த சீரணி மிட்டாய். அதை என் கையில் திணித்துவிட்டு உள்ளே நடந்தாள். கையெழுத்தெல்லாம் முடிந்து வெளியே வந்ததும் ஏகாம்பரத்தைத் தனியாகக் கூப்பிட்டாள். தனியாக என்றுதான் அவள் நினைத்தாள், எங்கள் எல்லோருக்கும் கேட்டது:

"எம்மவளுக்குக் கோவம் வந்தாச் சத்தம் போட மாட்டா. சாப்பிடாமக் கெடப்பா. அதனால நீங்க எந்தத் தேசத்துல இருந்தாலும் சாப்பாட்டு நேரத்துக்குப் போன் போட்டுருங்க."

அவர் அதன்படியே தினமும் மத்தியானம் கூப்பிடுகிறார். கல்யாணம் ஆன வாரத்திலேயே குவாஹாத்திக்கு லோடு வந்துவிட்டது. போனார், வந்தார், துணி துவைத்துக் காய்வதற்குள் மறுபடி போனார். இதை எழுதும்போது எங்கோ ஜான்சி பக்கம் இருக்கிறார். அங்கே நல்ல குளிராம். நான் இங்கே ஒரு பழைய வேனுக்குப் போல்ட் மாற்றிக்கொண்டிருக்கிறேன். அதன் சொந்தக்காரருக்கு அவசரம், சீக்கிரம் அனுப்பவேண்டும்.

கல்யாணம் முடிந்தால் காத்திருப்பதும் முடியும் என்று என்னிடம் அடித்துச் சொன்னவர்களில் ஒருவர்கூட ட்ரெய்லர் ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டவர் இல்லை.